கேரியரைக் கழற்ற மாட்டேன்

போன ஐப்பசியில் கோவையிலிருந்து ஒரு தம்பி என் வண்டியைப் பார்ப்பதற்காகவே ஜேடர்பாளையம் வந்தார். படுகை அணைப் பக்கம் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, வழி கேட்டுக் கேட்டு வீடு வந்து சேர்ந்தவர், திண்ணையோரம் நின்றிருந்த 1985 மாடல் இண்ட்-சுசுகியின் முன்னால் கிட்டத்தட்ட மண்டியிட்டார். டேங்கில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். எஞ்சின் நம்பரைக் கைபேசி வெளிச்சத்தில் படித்தார். ஸ்பீடாமீட்டர் இன்னும் பழையதுதான் என்றதும் முகம் மலர்ந்தது. அப்புறம் பின்பக்கம் வந்தார். முகம் சுருங்கிவிட்டது.

“இந்தக் கேரியர் கம்பெனிது இல்லீங்களேண்ணா?”

“இல்லீங்க தம்பி. நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில எங்கப்பா சொல்லி அடிச்சது.”

“சேஸிலயே வெல்டு வச்சிருக்காங்க. இதை அறுத்து எடுத்து, கிரைண்டிங் போட்டு, பெயிண்ட் அடிச்சாத்தான் ஒரிஜினல் ஆகும். அதுக்குத் தனியா செலவு இருக்குதுங்க. பரவால்ல, எழுபதாயிரம் தர்றேன்.”

எழுபதாயிரம்! 1991-இல் அப்பா இதைக் கைமாற்றாக வாங்கிய விலையைச் சொல்லியிருந்தால் அந்தத் தம்பி சிரித்திருப்பார். நான் கொடுக்கவில்லை. காப்பி கொடுத்து அனுப்பி வைத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல பிள்ளை, என்னைவிட இந்த வண்டியைப் பற்றி அதிகம் படித்திருக்கிறார். கோபம் அவர் விட்டுப்போன சொல்லின் மேல்தான். ஒரிஜினல். அதற்கு மூத்த பங்காளி ஒன்று உண்டு, வின்டேஜ். இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து எங்கள் பக்கத்து இருசக்கர வண்டிகளின் வரலாற்றைத் துடைத்துக்கொண்டு வருகின்றன என்பது என் புகார். அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பைக் வாங்க நினைத்தவனுக்கு இருந்தது புல்லட், எஸ்டி, ராஜ்தூத் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வண்டிகள். ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் மத்திய அரசு ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர அனுமதித்தது. முதலில் ஓடி வந்தது நம் ஊர்க்காரர்கள். ஓசூரில் டிவிஎஸ் குழுமமும் சுசுகியும் சேர்ந்து 1984-இல் இறக்கிய ஏஎக்ஸ் 100 தான் இந்திய-ஜப்பானியக் கூட்டில் வந்த முதல் நூறு சிசி வண்டி. டேங்கில் ‘இண்ட்-சுசுகி’ என்று எழுதியிருக்கும். அதற்கடுத்த வருடம் ஹீரோவும் ஹோண்டாவும் சேர்ந்து சிடி 100, எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து ஆர்எக்ஸ் 100. கொஞ்சம் பொறுத்து பஜாஜும் கவாசாகியும் சேர்ந்து கேபி 100. நான்கு ஜப்பான்காரர்கள், நான்கு இந்தியப் பங்காளிகள், எல்லாம் இரண்டு மூன்று வருடத்துக்குள். இந்த நான்கும்தான் கிராமத்து ரோட்டின் சத்தத்தையே மாற்றின. அதற்கு முன்பு பைக் என்பது டாக்டரும் போலீஸும் பெரிய பண்ணைக்காரரும் ஓட்டுவது. நூறு கிலோவை ஒட்டிய எடை, ஒரே உதையில் கிளம்பும் எஞ்சின் என்று வந்த பிறகுதான் பால்காரரும் வெற்றிலை வியாபாரியும் ஆரம்பப் பள்ளி வாத்தியாரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

இன்றைக்கு இந்தக் கதையைக் கேட்டால் நான்கில் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஆர்எக்ஸ் 100. பதினோரு குதிரைத்திறன், அந்தச் சத்தம், அந்த இழுவை. மறுக்கவில்லை. கபிலர்மலையில் ஒருத்தரிடம் இருந்ததை இரண்டு முறை கடன் வாங்கி ஓட்டியிருக்கிறேன். இறங்கும்போது கை நடுங்கியது. ஆனால் எங்கள் சுசுகி அந்த ஜாதி இல்லை. அதை வைத்து யாரும் வீரம் பேசவில்லை, யாரும் பந்தயம் கட்டவில்லை. அது சுமந்தது. பின்னால் வந்த மேக்ஸ் 100-உம் அதே குடும்பம்தான், இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க விடியற்காலையில் சங்கத்துக்குப் போகும். எந்த வண்டி வேகமாக ஓடியதோ அதன் பெயர் நிலைத்துவிட்டது. எது மூட்டை தூக்கியதோ அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டு வண்டி தூக்கியது வெல்லம்.

ஜேடர்பாளையம், சோழசிராமணி, பிலிக்கல்பாளையம் என்று இந்தக் காவிரிக் கரையில் கரும்பு இருக்கிற இடமெல்லாம் ஆலைக் கொட்டகை இருக்கும். கரும்பைப் பிழிந்து, சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, சக்கையையே எரித்துக் காய்ச்சி, உருண்டையாகவோ அச்சாகவோ பிடிப்பார்கள். முப்பது கிலோ கொண்டது ஒரு சிப்பம். பிலிக்கல்பாளையத்தில் ஏலச் சந்தை. பெரிய லோடு டெம்போவில் போய்விடும். மாதிரி காட்டவும், விடுபட்ட ஒன்றிரண்டு சிப்பத்தைக் கொண்டு சேர்க்கவும், அவசரத்துக்குச் சுண்ணாம்பு வாங்கி வரவும் ஒரு வண்டி வேண்டும். கம்பெனி கொடுத்த சீட்டில் சிப்பம் நிற்காது. அதற்காகத்தான் அப்பா நாமக்கல் போய், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் ஆங்கிள் இரும்பில் அந்தக் கேரியரை அடித்து வாங்கி வந்தார். லாரிக்கு வேலை செய்கிற கை, பைக்குக்கு அடித்தால் எப்படி இருக்கும்? வண்டியே முறிந்தாலும் கேரியர் முறியாது. அதில் இரண்டு சிப்பம் கட்டினால் அறுபது கிலோ. முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். அப்பா டேங்க்மேல் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு ஓட்டுவார்.

வருடக் கணக்கில் வெல்லம் ஏற்றியதில் வண்டிக்கே ஒரு வாசம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் சீட்டுக்குள்ளிருந்து எறும்பு கிளம்பும். பள்ளிக்கூடத்துக்கு என்னை இறக்கிவிடும்போது சட்டைக்குள் எறும்போடுதான் இறங்குவேன். “வெல்லக்கட்டி வந்துட்டான்” என்பார்கள் பையன்கள். ஸ்பாஞ்சை இரண்டு முறை மாற்றியும் எறும்பு போகவில்லை. இப்போதும் சீட்டைத் தட்டினால் ஒன்றிரண்டு வெளியே வந்து பார்க்கும். கோவைத் தம்பி இதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆயில் பம்ப் வேலையெல்லாம் எங்களுக்கு ஆகாது. பெட்ரோலோடு ஆயிலைக் கையாலேயே கலந்து ஊற்றினோம். லிட்டருக்கு எத்தனை மூடி என்பது அப்பாவின் கணக்கு. லோடு இருந்தால் ஒரு மூடி கூட. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்சருக்குள் கரி அடைத்துக்கொள்ளும். இழுவை குறைந்தால் அதுதான் காரணம். மற்ற ஊரில் மெக்கானிக்கிடம் போவார்கள். நாங்கள் சைலன்சரின் உள்குழாயை உருவி, கம்பியில் கோத்து, வெல்லம் காய்ச்சுகிற அடுப்பின் வாயில் காட்டிவிடுவோம். ஆயில் கரி நீலமாக எரிந்து அடங்கும். ஆறவைத்துத் தட்டினால் கொட்டிவிடும். மாட்டி உதைத்தால் புது வண்டி மாதிரி சீறும். சிறுவயதில் எனக்கு ஜேடர்பாளையத்தில் பார்த்த வித்தைகளிலேயே பெரிய வித்தை அதுதான். சாயங்காலம் ராஜா வாய்க்கால் கரையில், அப்பாவுக்கு முன்னால் டேங்க்மேல் உட்கார்ந்து போவேன். இடது பக்கம் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், வலது பக்கம் தண்ணீர். இதை எழுதும்போதே அந்தச் சூடான டேங்க் தொடையில் படுகிறது.

சரி, இதுவரைக்கும் எழுதியதைப் படித்தால் நானும் அதே கூட்டம்தான் என்று தோன்றும். பழைய வண்டி, அப்பா, வெல்லம், வாய்க்கால். இந்த மாதிரிக் கட்டுரைகள் வாரத்துக்கு ஒன்று வருகின்றன. எனக்கும் அந்த இனிப்பு பிடிக்கும். ஆனால் அதில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விடுவது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதையும் கவனித்தேன்.

எங்கள் கொட்டகையில் பாகு பதம் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். கொதிக்கிற பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, ‘இறக்கு’ என்று அவர் சொன்னால்தான் கொப்பரை இறங்கும். அரை நிமிஷம் தப்பினால் வெல்லம் கருத்துவிடும், விலை போய்விடும். எங்கள் குடும்பம் சாப்பிட்டது அவருடைய அந்த இரண்டு விரலில். ஊரின் தெற்குக் கோடியில், வேறு தெருவில் வீடு. அவருக்கு என் அப்பா வயது. நான் எட்டு வயதில் அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில்தான் கூப்பிட்டேன். வீட்டில் யாரும் திருத்தவில்லை.

மார்கழிக் குளிரில் வண்டி உதைத்து உதைத்துக் கிளம்பாது. அவரைத்தான் கூப்பிடுவோம். அவர் பின்னாலிருந்து தள்ள, அப்பா கிளட்ச்சை விட, வண்டி புகை கக்கிக் கிளம்பும். அந்தப் புகை முழுக்க அவர் முகத்தில். சந்தைக்குப் போகும் நாளில் சிப்பத்தைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டுவதும் அவர்தான். கட்டிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடித்து பிலிக்கல்பாளையம் வருவார், அங்கே இறக்க வேண்டுமே. ஏலம் முடியும். சிப்பம் இறங்கிவிட்டது. கேரியர் காலி. பின்சீட்டும் காலி. அப்பா காலி வண்டியில் திரும்புவார். அவர் திரும்பவும் பஸ்ஸுக்கு நிற்பார்.

எங்கள் வண்டி அறுபது கிலோ வெல்லத்தைச் சுமந்தது. அறுபது கிலோ இருக்கக்கூடிய அந்த மனிதரை ஒரு நாளும் சுமக்கவில்லை. அப்பா கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூலி பாக்கி வைத்ததில்லை, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தார். ஆனால் பின்சீட் வேறு விஷயம். பின்சீட்டில் உட்கார்ந்தால் தோளைப் பிடிக்க வேண்டும்.

ஜப்பான் வண்டி வந்து கிராமத்தைச் சமமாக்கியது என்று சிலர் எழுதுகிறார்கள். வண்டிக்கு அந்த சக்தி இருந்ததாக நான் பார்க்கவில்லை. கைக்குக் கை விலை குறைந்து குறைந்து, மூன்றாவது நான்காவது கையாக, கேபிளும் கிளட்ச்சும் தேய்ந்து போன பின்புதான் அது அந்தத் தெற்குத் தெருவுக்குப் போனது. அங்கே போனபோதுதான் உண்மையில் அது வேலை செய்தது என்றும் சொல்ல வேண்டும். ஒரே வண்டியில் கட்டட வேலைக்கு மூன்று பேர், அவர்களோடு கடப்பாரை, மண்வெட்டி. அந்த வண்டிகளில் ஒன்றுகூட இன்று ‘ஒரிஜினல்’ இல்லை. சீட் வேறு வண்டியினுடையது, ஹெட்லைட் வேறு, பின்னால் கட்டுக் கம்பியில் நிற்கிற மட்கார்டு. சேகரிப்பாளர் ஒருவரும் அந்தத் தெருவுக்குள் வர மாட்டார். வந்தாலும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்.

என் வழக்கு இங்கேதான் இருக்கிறது. எந்த வண்டி நாற்பது வருடம் ஒரிஜினலாக இருக்கும்? வேலை செய்யாத வண்டி. இரண்டு வண்டி வைத்திருந்தவர் ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்தது. வெளிநாடு போனவரின் வீட்டில் நின்றது. பெட்டிக்குள் வைத்த வெள்ளிக் கிண்ணம் மாதிரி அது பளபளக்கும். தினம் சோறு போட்டுச் சாப்பிட்ட தட்டில் கீறல் இருக்கத்தான் செய்யும். பளபளப்பைத்தான் வரலாறு என்று காட்சிக்கு வைத்தால், இந்த நாட்டில் பைக் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டது என்று அடுத்த தலைமுறை நம்பும். பால் கேன் தொங்கிய கொக்கி, மீன் கூடை கட்டிய தழும்பு, வெல்லச் சிப்பத்துக்கு அடித்த ஆங்கிள் எல்லாவற்றையும் அறுத்து எடுத்துவிட்டு அதற்கு ‘மீட்டெடுப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதை மீட்கிறார்கள்? ஷோரூமில் நின்ற முதல் நாளை. அதற்குப் பின்னால் நாற்பது வருடம் நடந்ததெல்லாம் அழுக்கு.

இதில் அரசாங்கமும் அதே மொழியைத்தான் பேசுகிறது என்பது வேடிக்கை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. இவ்வளவும் செய்து அந்தப் பட்டம் கிடைத்தபின் என்ன செய்யலாம்? கண்காட்சிக்கு ஓட்டலாம், பேரணிக்கு ஓட்டலாம், பெட்ரோல் போட, பழுது பார்க்க ஓட்டலாம். அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. என் வண்டி 2035-இல் ஐம்பதைத் தொடும். கேரியர் இருப்பதால் அப்போதும் தகுதி கிடைப்பது சந்தேகம். கேரியரை அறுத்துத் தகுதி வாங்கினால், சந்தைக்கு ஓட்ட முடியாது. இப்படியொரு மரியாதையை யாராவது ஆசைப்பட்டுக் கேட்பார்களா?

ஐம்பதுக்கு முன்னால் இருக்கிற வயது அதைவிடக் கஷ்டம். பதினைந்து வருடம் முடிந்த பைக்கை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து 1,000. 2025 ஆகஸ்டில், இருபது வயதைத் தாண்டிய இருசக்கர வண்டிக்கு 2,000 என்று ஆனது. பசுமை வரி தனி. என் வண்டிக்கு அக்டோபரில் புதுப்பிப்பு, சரியாக விலை ஏறிய பின் வந்து மாட்டிக்கொண்டேன். எனக்கு அந்தப் பணம் பெரிய விஷயமில்லை. தெற்குத் தெருவில் நான்காவது கை வண்டி வைத்திருக்கிறவருக்கு அது வண்டி விலையில் ஒரு நல்ல பங்கு. அவர் என்ன செய்வார்? புதுப்பிக்காமல் ஓட்டுவார், அல்லது இரும்புக்குப் போடுவார். கோவைத் தம்பிக்கு விற்கலாம் என்றால் அவருடைய வண்டி ஒரிஜினல் இல்லை.

இப்போது எனக்கு எதிராகச் சொல்லக்கூடியதை நானே சொல்லிவிடுகிறேன். புகை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புது எரிபொருள் கலவை உள்ளே நுழைகிற நேரத்தில் புகைபோக்கும் துளையும் திறந்தேதான் இருக்கும். வருவதில் ஒரு பங்கு எரியாமலேயே நேராக வெளியே போகும். எரிகிற ஆயிலின் வெள்ளைப் புகை அதற்கு மேல். இதைத் திறமையான மெக்கானிக் வைத்துச் சரிசெய்ய முடியாது, அந்த எஞ்சினின் பிறவி அப்படி. 1996-இலும் 2000-இலும் புகை விதிகள் இறுகியபோது இவை ஒவ்வொன்றாக நின்றது நியாயம்தான். ஆர்எக்ஸ் 100 நின்றது 1996-இல். டூ ஸ்ட்ரோக்கைத் திரும்பக் கொண்டு வா என்று கேட்கிறவர்களோடு நான் இல்லை. அந்தப் புகையை முகத்தில் வாங்கியவர் யார் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

ஆனால் புகைக்காகத்தான் கட்டணம் என்றால் புகையை அளந்து வாங்க வேண்டும். அதற்குப் புகைச் சோதனை என்று ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அளப்பதோ வயதை. மாதத்துக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற நாற்பது வயது வண்டிக்கும், தினம் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கும் ஒரே கட்டணம். எங்கள் மாவட்டம் லாரிக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் பேர் போனது. அவற்றின் டீசல் புகையைச் சுவாசித்துக்கொண்டு, ஓரமாகப் போகும் மேக்ஸ் 100-ஐக் காட்டிக் காற்று கெடுகிறது என்று யாராவது சொன்னால் ஜேடர்பாளையத்தில் சிரிப்பார்கள். ஒரு புது வண்டியைச் செய்ய எவ்வளவு இரும்பு, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கையும் இந்தக் கட்டண அறிவிப்பில் நான் பார்க்கவில்லை.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் வலுவானது. சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் இந்த வண்டிகள் என்றோ மறைந்திருக்கும் என்பார்கள். ஆர்எக்ஸ் 100 விஷயத்தில் அது உண்மை. பிஸ்டன் ரிங்கிலிருந்து டேங்க் ஸ்டிக்கர் வரை இன்று எல்லாம் கிடைக்கிறது, வெறி இருப்பதால் சந்தை இருக்கிறது. அந்த வெறிக்கு அதற்காக ஒரு நன்றி சொல்லலாம். ஆனால் எங்கள் சுசுகிக்கு? டிவிஎஸ்ஸும் சுசுகியும் 2001-இல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பிரிந்த குடும்பத்தின் கிழவன் மாதிரி வண்டி நடுவில் நின்றது. ரிங் வேண்டுமென்றால் ஈரோட்டில் ஒரு பழைய கடைக்காரர் அட்டைப் பெட்டியைத் துழாவி எடுப்பார். இல்லையென்றால் லேத் பட்டறையில் வேறு வண்டியின் பிஸ்டனுக்குத் தகுந்த மாதிரி போர் போட வேண்டும். இத்தனைக்கும் இதே ஏஎக்ஸ் 100 சீனாவிலும் கொலம்பியாவிலும் நெடுங்காலம் புதிதாகவே விற்றுக்கொண்டிருந்தது. உலகத்தில் பாகம் இல்லாமல் இல்லை, எங்களுக்கு வருகிற வழிதான் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு இணையதளம் திறந்தது. கைபேசி, விவசாயக் கருவி, வீட்டுச் சாதனங்களோடு மோட்டார் வாகனமும் அதில் உண்டு. அந்த உரிமைக்குப் பல் முளைத்து, இத்தனை வருடம் உதிரி பாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தால், அது பத்தாயிரம் மீட்டெடுப்புகளைவிட அதிக வண்டியை ரோட்டில் வைத்திருக்கும். பழைய வண்டிக் காதலர்கள் ஏன் இதற்காகக் கூட்டம் போடுவதில்லை? ஒரு பேரணி இதற்காகப் போகலாமே. குரோமியம் பூச்சு யாருடையது பளபளப்பு என்பதற்குப் பரிசு கொடுக்கிற நேரத்தில்.

எங்கள் ஊரிலேயே ஒரு பழைய பொருள் இருக்கிறது. ராஜா வாய்க்கால். அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது என்று சொல்வார்கள், அவருக்கு இங்கே மணிமண்டபமும் உண்டு. அந்த வாய்க்காலை யாரும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. தூர் வாருகிறார்கள், மதகை மாற்றுகிறார்கள், பல இடத்தில் கரைக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ஒரிஜினல் என்று பார்த்தால் அதில் மிச்சம் இருப்பது போகிற வழி மட்டும்தான். ஆனால் தண்ணீர் போகிறது, வாழை நிற்கிறது. மண்டபத்தைப் பார்க்க வருகிறவர்களைவிட வாய்க்காலை நம்பி இருக்கிறவர்கள் அதிகம். பழசை எப்படி வைத்துக்கொள்வது என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கரையில் கூட்டிப் போய் நிறுத்துவேன்.

புதுப்பிப்புக்கு வண்டியைப் பரமத்தி வேலூர் கொண்டு போனேன். ஆய்வாளர் சுற்றி வந்து பார்த்தார். சேஸ் நம்பரை அச்செடுத்தார். கேரியரைக் கையால் ஒரு அசை அசைத்தார். அது அசையவில்லை.

“இதுல என்னங்க ஏத்துவீங்க?”

“வெல்லங்க.”

“இப்பவுமா?”

“எப்பவாச்சுங்க.”

கையெழுத்துப் போட்டார். 2,000 ரூபாய் போச்சு, ஐந்து வருடம் வந்தது.

திரும்பும் வழியில் எனக்கு ஒரு கிறுக்கு யோசனை. வண்டியைத் தெற்குத் தெருவுக்குத் திருப்பினேன். பாகு பதம் பார்த்தவர் இப்போது வேலைக்குப் போவதில்லை. எண்பதை நெருங்குகிறார். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“சின்னவருங்களா? இன்னுமா இத வச்சிருக்கறீங்க?”

“வச்சிருக்கனுங்கய்யா.” அவரை ஐயா என்று நான் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது. “ஏறுங்க, பிலிக்கல்பாளையம் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

அவர் வண்டியை ஒரு தடவை பார்த்தார், கேரியரை இன்னொரு தடவை. கயிறு முடிகிற இடத்தில் பெயிண்ட் தேய்ந்து வெறும் இரும்பு தெரியும், அந்த இடத்தில் அவர் விரல் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் கையை எடுத்துக்கொண்டார்.

“இப்ப எதுக்குங்க அதெல்லாம். எம் பேரன் புது வண்டி எடுத்திருக்கறான். எங்கயாச்சும் போகோணும்னா அவனே கூட்டிட்டுப் போறான்.”

உள்ளே திரும்பிக் காப்பி வைக்கச் சொன்னார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஐப்பசி ஈரம், உதைக்க உதைக்க வண்டி கிளம்பவில்லை. அவர் எழப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு தெருமுனை வரை நானே தள்ளிக்கொண்டு போனேன்.